கடையில் வாங்கி நட்ட கீரை

"இதைவிடச் சின்னதும் வேணாம், இதைவிடப் பெருசும் வேணாம். அப்படித்தானே மாஸ்டர்?" என்றாள் காய்கடைக்காரம்மா.

நான் கூடையில் கிடந்த பாக் சோய்க் கீரையை ஒவ்வொன்றாக எடுத்து, போன தடவை வாங்கிய உயரத்துக்கு இருக்கிறதா என்று சாண் வைத்து அளந்துகொண்டிருந்தேன். பின்னால் நின்ற ஆள் பொறுமை இழந்து தொண்டையைச் செருமினார். செருமட்டும்.

"வீட்ல நீங்க ஒத்த ஆளு. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பை நிறைய கீரை வாங்கிட்டுப் போறீங்க. ஆடு கீடு வளக்குறீங்களா?"

"ஆமா, ரெண்டு கால் ஆடு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து வெயிலில், கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாத பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறேன். முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. இதோடு பையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிவரை ஏற வேண்டும். எங்கள் கட்டடத்தில் லிப்ட் இருக்கிறது, பெயருக்கு.

ஏறினேன். வாங்கிய கீரையை மண்ணில் நட்டேன். ஆமாம், நட்டேன். வேரை வெட்டி, கழுவி, ரப்பர் பேண்டு போட்டு விற்ற கீரையைப் பெட்டி மண்ணில் குழி தோண்டி நிறுத்தி, சுற்றிலும் மண்ணை அணைத்து, தண்ணீர் தெளித்தேன். தலை நரைத்து, ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்து, இன்னும் புத்தியும் கெட்டுப் போகாத ஒரு மனிதன் செய்கிற வேலையா இது? ஆனால் செய்தேன். வாரக்கணக்கில் செய்துகொண்டிருந்தேன்.

அந்தப் பெட்டிகள் என் மனைவியுடையவை. மீன் கடையில் ஐஸ் போட்டு வருமே, அந்த வெள்ளைத் தெர்மக்கோல் பெட்டிகள். வாலிப வயதிலிருந்து அவள் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை பார்த்தவள். நீராவியும் ஈரத் துணியுமாகக் காலம் போயிற்று. வேலையை விட்ட அன்று வீட்டுக்கு வந்து, "இனிமே ஈரத் துணியத் தவிர வேற ஏதாவது என் கையில படணும்" என்றாள். மறுநாள் மீன் கடையில் போய் நின்றாள். பெட்டிக்கு அடியில் கம்பியைச் சுட்டு ஓட்டை போட்டு, மண்ணும் மக்கின எருவும் நிரப்பி, விதை தூவினாள்.

பாக் சோயைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். முட்டைக்கோஸுக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஆனால் அக்கா மாதிரி இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்காராது. சதைப்பிடிப்பான தண்டுகள் அடியில் ஒன்றாகச் சேர்ந்து நிற்க, மேலே இலைகள் கரண்டி கரண்டியாக விரிந்திருக்கும். தண்டு வெள்ளையாக இருப்பதற்கு அவள் 'வெள்ளைக்கால்' என்று பெயர் வைத்திருந்தாள், பச்சையாக இருப்பது 'பச்சைக்கால்'. அதோடு அதற்கும் ஒல்லியான தங்கை சோய் சம், கடுகுக்கீரை, தண்ணீரில் கிடந்தே வளரும் வள்ளைக்கீரை எல்லாம் போட்டிருந்தாள். முளைத்ததும் நெருக்கமாக நிற்பதில் பாதியைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே தேறாது. அவள் தயவு தாட்சண்யம் இல்லாமல் பிடுங்குவாள். பிடுங்கின குஞ்சுக் கீரையை அன்றைக்கே சூப்பில் போடுவாள். வாழ்நாள் பூராவும் அடுத்தவர் அழுக்கைத் துவைத்தவளுக்கு, தன்னுடையது என்று கிடைத்தது அந்த மாடிதான். சாயங்காலம் அங்கே போனால் சீக்கிரத்தில் இறங்கமாட்டாள். நானும் கூப்பிடமாட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். இன்றுவரை பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம், அவளுக்கே ஒரு பாப்பா பிறந்த பிறகும். ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறாள். ரத்தப் பரிசோதனை லேபில் ஷிப்டு வேலை. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, போனால் மாதக்கணக்கில் தண்ணீர்தான். பேத்தி பிறந்ததும், பிள்ளைக்குத் தலை நிற்கிற வரைக்கும் இருந்துவிட்டு வருகிறேன் என்று மனைவி போனாள். தலை நின்றது. குப்புற விழுந்தது. தவழவும் ஆரம்பித்தது. அவள் வரவில்லை.

தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவாள். என் முகத்தை எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை, அவ்வளவுதான். "சாப்பிட்டீங்களா? சரி, மேல போங்க, கீரையக் காட்டுங்க." நான் போனைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். பெட்டி பெட்டியாகக் காட்ட வேண்டும். "அந்த ஓரத்துல என்ன பூச்சியா? கிட்டக் கொண்டு போங்க. ஐயோ, இவ்ளோ கிட்ட இல்ல." கட்டின புருஷன் இளைத்துப்போனது தெரியாது, கடுகுக்கீரையில் ஓட்டை விழுந்தது தெரியும். எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது.

ஒரு நாள் போனை எங்கோ சாய்த்து வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கப் போனாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். உள்ளே பேசுவது கேட்டது.

"இன்னும் ஒரு ரெண்டு மாசம் இரும்மா" என்றாள் மகள். "அப்பா என்ன சின்னப் பிள்ளையா? அவர் பாத்துப்பார்."

"அவர் பாத்துப்பார்டி. என் கீரைய யாரு பாப்பா? போட்டது போட்டபடி கிடக்குது. நான் போயித்தான் ஆகணும்."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் தனியாகக் கிடப்பது அந்த வீட்டில் ஒரு காரணமே இல்லை, கீரை ஒரு காரணம். கோபித்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தவன், படியிறங்குவதற்குள் கணக்கை வேறு விதமாகப் போட்டுவிட்டேன். கீரை இருக்கிறவரைக்கும் அவள் வர ஒரு சாக்கு இருக்கிறது. அப்படியானால் கீரைதான் எனக்குத் துணை. அதை நன்றாகப் பார்த்துக்கொண்டால் போதும், அவள் வந்துவிடுவாள். அவள் வர வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. வீட்டில் எதிர்ச்சத்தம் இல்லாமல் போய், தனியாகக் குக்கரோடு பேச ஆரம்பித்திருந்தேன்.

நன்றாகப் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். இலைகளில் ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள் வந்தன. பச்சைப் புழுக்கள் நரம்போடு நரம்பாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. சோப்புத் தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். பாட்டில் நிறைய தண்ணீருக்குக் குட்டி ஸ்பூன் அளவு சோப்பு, அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. இதெல்லாம் தெளிவாகத்தான் சொன்னாள். நான் மதியம் சாப்பிட வந்த இடைவெளியில், அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று, பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கண்ணளவில் பாட்டிலுக்குள் சாய்த்தேன். கொஞ்சம் போட்டால் கொஞ்சம் சாகும், நிறையப் போட்டால் எல்லாம் சாகும் என்பது என் கணக்கு. கணக்கு தப்பவில்லை. உச்சி வெயிலில் நுரை நுரையாக அடித்துவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்தபோது புழு செத்திருந்தது. பாக் சோயும் செத்திருந்தது. சோய் சம், கடுகுக்கீரை எல்லாம் வெந்து சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தன. வள்ளைக்கீரை மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றது. அது எமனுக்கே டிமிக்கி கொடுக்கிற ஜாதி.

அன்றைக்குப் போனில் சார்ஜ் இல்லை என்றேன். மறுநாள் மழை என்றேன். அதற்கும் மறுநாள் கூப்பிடுகிற நேரம் நெருங்கியபோது, காய்கடையில் பச்சைக்கால் கூடை நிறைய நின்றதைப் பார்த்தேன். புத்தி அப்படித்தான் போயிற்று.

முதல் நாள் போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு, வள்ளைக்கீரையை முன்னால் காட்டி, பாக் சோய் பெட்டிகளை ஓட்டமாகக் கடந்தேன்.

"நில்லுங்க. அந்தப் பச்சைக்காலக் காட்டுங்க."

காட்டினேன். அவள் போனுக்குள் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "நல்லா இருக்குங்க" என்றாள். "பாப்பா, இங்க வாடி. கீரையப் பாரு, எப்படி நிக்குது பாரு." மகள் வந்து எட்டிப் பார்த்தாள். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

ஆனால் வெட்டின கீரை எத்தனை நாள் நிற்கும்? ரெண்டாம் நாளே தலை தொங்கிவிடும். பிடுங்கிவிட்டு வேறு நட வேண்டும். பிடுங்கினதைத் தூக்கிப் போட மனசு வராது, தின்ன வேண்டும். கடைக்காரம்மா கழுவிக் கொடுத்ததை மண்ணில் புதைத்து, அதே மண்ணை நானே மறுபடி கழுவுகிற பிழைப்பு. பாக் சோயில் தண்டுகள் சேருகிற அடிமடிப்பில்தான் மண் ஒளிந்திருக்கும். அடியை வெட்டி, மடல் மடலாகப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். எனக்கு அதற்குப் பொறுமை கிடையாது. பல்லில் நறநறவென்று மண்ணைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டேன்.

சமைக்கவும் அவள்தான் போனில் சொல்லிக் கொடுத்தாள். கீரையை எப்போது பறித்தேன், எத்தனை பறித்தேன் என்று கேட்கவே இல்லை. நேராகச் சமையலுக்கு வந்தாள்.

"சட்டி நல்லாக் காயட்டும். எண்ணெய் விடுங்க. பூண்டைத் தட்டிப் போடுங்க, சிவக்க விட்டுடாதீங்க, கசந்துடும். இப்ப தண்டு. தண்டு மட்டும்! இலையையும் சேத்துக் கொட்டிட்டீங்களா?"

"எல்லாம் ஒரே வயித்துக்குள்ளதானே போகுது?"

"தண்டு வேகறதுக்குள்ள இலை கூழாயிடும்ங்க. மூடி போடாதீங்க, மஞ்சளாயிடும். எடுங்க மூடிய."

எனக்குக் கற்றுக் கொடுக்கத்தான் தெரியும், கற்றுக்கொள்ளத் தெரியாது. முதல் வாரம் பூராவும் பச்சைக் கஞ்சி மாதிரி எதையோ தின்றேன். பிறகு கை படிந்தது. தண்டு நறுக்கென்று இருக்கும்போதே இலையைப் போட்டு, நாலு புரட்டுப் புரட்டி, உப்புத் தூவி இறக்கப் பழகினேன். சாதம் வடிக்கவும், ரசப் பொடியைக் கண்டுபிடிக்கவும் பழகினேன். ஆனால் யாருக்குக் காட்ட? சட்டியோடு நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பேன். அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு. காலையில் வண்டி, மதியம் வண்டி, சாயங்காலம் கடை, படி, குழி, தண்ணீர், வீடியோ, சட்டி. செக்குமாடாவது சுற்றுகிற இடத்தில் சுற்றும். நான் படியேறிச் சுற்றினேன்.

அவளும் அலுத்துப் போயிருந்தாள் என்பதைப் பார்த்தேன், ஆனால் சரியாகப் பார்க்கவில்லை. போனில் அவள் முகம் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தோளில் எப்போதும் பிள்ளை. பிள்ளைக்கு ராத்திரியில் தூக்கம் கிடையாது, பகலில் கீழே விட்டால் ஊரைக் கூட்டும். பின்னால் எந்நேரமும் ஒரு கொடியில் ஈரத் துணி தொங்கிக்கொண்டிருக்கும். "தூங்குறியா?" என்று கேட்டால், "தூங்கறேன் தூங்கறேன், கீரையக் காட்டுங்க" என்பாள். காட்டுவேன். "பாப்பா, இங்க பாருடி" என்பாள் ஒவ்வொரு தடவையும். அது பெருமை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மதியம் மகள் தனியாகக் கூப்பிட்டாள். நான் பயிற்சி மைதானத்தில் வண்டியை நிறுத்தி, மாணவனை டீ குடிக்க அனுப்பியிருந்தேன்.

"அப்பா, லேப்ல இருந்து பேசறேன். அம்மா பக்கத்துல இல்ல. ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"அம்மா அடுத்த வாரம் கெளம்பறேன்னு ஒத்தக்கால்ல நிக்குறா. கேட்டா கீரை கீரைங்கறா. அப்பா, அம்மா போயிட்டா நான் செத்தேன். குட்டிய வெச்சுப் பாக்க ஆளு யாரும் தேற மாட்டேங்குறாங்க. ஷிப்டு மாத்திக் கேட்டேன், தர மாட்டேங்குறாங்க. வேலைய விடவா? அவர் வர இன்னும் எவ்வளவோ நாள் இருக்கு." அவள் குரல் உடைந்தது. "நேத்து ஒரு சாம்பிள்ல பேரு மாத்தி ஒட்டப் பாத்தேன்ப்பா. தூக்கக் கலக்கம். பக்கத்துல இருந்த அக்கா பாத்துட்டாங்க, இல்லன்னா அவ்ளோதான். அந்தக் கீரைக்கு நீங்க ஏதாவது வழி பண்ணுங்களேன். யாருக்காவது குடுத்துடுங்களேன்."

பெற்ற பிள்ளை அழுகிறது. நான் இங்கே கடைக் கீரையை நட்டுவைத்துக்கொண்டு, அவள் பிடித்திருக்கிற ஒரே கையைப் பிரித்து இழுத்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. எனக்கு வேண்டும் என்பதற்காக எத்தனை பேரைப் படுத்துவது? அன்று மாலை கடைக்குப் போகவில்லை.

கூப்பிட்டதும் மேலே ஏறினேன். "பாப்பாவையும் கூப்பிடு" என்றேன்.

மகள் வந்து அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்றாள். நான் ஒரு பச்சைக்காலைப் பிடித்து இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. வெட்டுப்பட்ட மொட்டை அடியைப் போனுக்கு நேராகக் காட்டினேன்.

"வேரே இல்ல பாத்தியா? கடையில வாங்கி நட்டது. நீ போட்டதெல்லாம் எப்பவோ செத்துப் போச்சு. சோப்ப நான்தான் அளவு தெரியாம அடிச்சுட்டேன். இங்க கீரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுக்காக நீ வர வேணாம். அங்கேயே இரு."

மகள் முதலில் விழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பா! கடையில வாங்கியா? ஐயோ அப்பா!" நெடுநாளைக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தேன். எனக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. என் மனைவி சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. போன் அணைந்துபோயிற்று.

மறுநாள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டும் எடுக்கவில்லை. அதற்கும் மறுநாள் பகலில், நான் வண்டியில் இருக்கும்போது கூப்பிட்டாள். ஓரங்கட்டச் சொல்லிவிட்டு இறங்கினேன். வீடியோ இல்லை, குரல் மட்டும். எதிரொலித்தது.

"எங்க இருக்க?"

"மாடிப்படியில. குப்பை கொட்டப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்." பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "ஏங்க அப்படிச் செஞ்சீங்க?"

"சோப்பா? நான் வேணும்னேவா..."

"சோப்பு இல்ல. அவகிட்ட ஏன் சொன்னீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? மொத நாளே தெரியும். நட்டு எத்தனை நாளாச்சு, பூ விட்டுக் கிழடாகிப் போற காலம், உங்க கீரை மட்டும் அன்னிக்குப் பாத்த உசரத்துலயே நிக்குது. ஒரு நாளு ரப்பர் பேண்டைக் கூடக் கழட்டாம நட்டு வெச்சிருந்தீங்க."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? வீட்டுக்குப் போறேன்னு சொல்ல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானே? அது செத்துப் போச்சுன்னா எதைச் சொல்லிக் கெளம்புவேன்? நீங்க நட்டு வெச்சீங்க, நான் அவகிட்டக் காட்டிட்டு இருந்தேன். நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. நீங்களே கெடுத்துட்டீங்க."

நடுத்தெருவில் நின்றேன். வண்டிக்குள்ளிருந்து மாணவன் எட்டி எட்டிப் பார்த்தான்.

"எனக்கு முடியலைங்க" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. லாண்டரியில் கை வெந்து வந்த நாளில்கூடக் கேட்டதில்லை. "ஒரு ராத்திரி முழுசாத் தூங்கி எவ்ளோ நாளாச்சுன்னு நெனவே இல்ல. இடுப்பு விட்டுப் போகுது. தொவைச்சு முடிச்சு நிமிர்ந்தா மறுபடி ஒரு வாளி. குட்டி மேல உசுரைத்தான் வெச்சிருக்கேன், ஆனா அழ ஆரம்பிச்சா எங்கியாவது ஓடிப் போயிடலாம்னு இருக்கு. பாட்டி பேசற பேச்சா இது?"

"பாப்பாகிட்டச் சொல்லேன்."

"என்னன்னு சொல்றது? அவளே துவண்டு போயித்தான் வர்றா. அவகிட்டப் போயி எனக்கு முடியலைன்னு சொல்லவா? கீரைக்குப் போறேன்னா அம்மாவுக்குக் கிறுக்குன்னு திட்டிட்டு விட்டுடுவா. எனக்கு முடியலைன்னா ஆயுசுக்கும் அவளுக்கு உறுத்தும்." குப்பை மூடி விழுகிற சத்தம் கேட்டது. "சரி, வெக்கறேன். அழுறா."

வண்டியில் ஏறினேன். மாணவன் மூன்றாவது கியரில் வண்டியைக் கிளப்பி நிறுத்தினான். நான் திட்டவில்லை. அவனுக்கே அது பயமாக இருந்திருக்க வேண்டும்.

அன்று முழுக்க இரண்டு பேர் குரலும் காதில் மாறி மாறிக் கேட்டது. மனைவி வராவிட்டால் அவள் படுத்துவிடுவாள். அவள் வந்தால் மகள் படுத்துவிடுவாள். நான் இங்கே முழங்காலைத் தடவிக்கொண்டு, எனக்கு யார் வருவார்கள் என்று காத்திருக்கிறேன். இத்தனை நாளில் நானும் ஓர் ஆள்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதை இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது. எங்கள் மூன்று பேருக்குமே தோன்றவில்லை. பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை என்றால், பெண் ஆள் இல்லை என்றுதான் அர்த்தம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தோம்.

மகளைக் கூப்பிட்டேன். "அம்மாவ அனுப்பி வெச்சுடு. நான் வரேன்."

"எங்க வர்றீங்க?"

"அங்கதான். குட்டியப் பாத்துக்க."

"அப்பா, டயப்பர் மாத்தத் தெரியுமா உங்களுக்கு?"

"சொல்லிக் குடு. இண்டிகேட்டரே தெரியாதவங்களை எல்லாம் மெயின் ரோட்டுல கொண்டு போயி விட்டிருக்கேன். டயப்பர் என்ன பெரிய கம்ப சூத்திரமா? சமைக்கவும் வருது இப்ப."

"ஏம்ப்பா திடீர்னு? அதான் கீரை இல்லையே, அம்மா இருப்பாதானே?"

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு தடவை மூடி மறைத்துப் பட்டதே போதும். "அம்மாவால முடியலம்மா" என்றேன். "அவ சொல்ல மாட்டா. நான் சொல்றேன். உன் மேல தப்பு இல்ல, குட்டி மேலயும் தப்பு இல்ல. அவ தூங்கணும். அவ்வளவுதான்."

அவள் அழுதாள். "என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல அப்பா. நான் அவ்ளோ மோசமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இல்லை இல்லை என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த உறுத்தல் அவளுக்கு எத்தனை நாள் இருக்குமோ, தெரியாது. இருக்கத்தான் செய்யும்.

டிரைவிங் ஸ்கூல் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பேரப்பிள்ளை பார்க்க ஆம்பளை லீவு போட்டு இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றார். கேள்விப்பட்டாயிற்றல்லவா என்றேன்.

மகள் ஒரு நாள் லீவு போட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, என் மனைவி ராத்திரி பஸ்ஸில் ஏறிக் காலையில் வந்து இறங்குவாள். அதே பஸ் ஸ்டாண்டில் நான் ஏறிப் போவேன். இத்தனை மாதம் அவள் வரவேண்டும், வரவேண்டும் என்று கிடந்தேன். வருகிறாள், நான் போகிறேன். இதைச் சொன்னால் காய்கடைக்காரம்மா இன்னொரு தடவை விழுந்து சிரிப்பாள்.

பஸ் நேரத்துக்கு வந்தது. அவள் படியில் காலை வைத்து, கம்பியைப் பிடித்து, குழந்தை மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கினாள். போனில் பார்த்ததைவிட இளைத்திருந்தாள். பையை வாங்கிக்கொண்டேன்.

"இளைச்சுட்டீங்க" என்றாள்.

"நீ மட்டும் என்னவாம்?"

என் பஸ் அந்தக் கடைசி வரிசையில் நின்றது. கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தோம். வீட்டுச் சாவியை அவள் கையில் வைத்து மூடினேன். "சோறு வடிச்சு வெச்சிருக்கேன். கீரையும் வதக்கி வெச்சிருக்கேன். கழுவித்தான் வெச்சிருக்கேன்" என்றேன். அவள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். இடது தோளில் போட்டால்தான் அடங்குவாளாம். பால் கொஞ்சம் ஆறினாலும் துப்பிவிடுவாளாம். பேன் சத்தம் இல்லாமல் தூங்க மாட்டாளாம். "அப்புறம் கண்ணுல மருந்து விடும்போது, மொதல்ல..." என்றவள் நிறுத்தினாள். மொதல்ல என்ன என்று திரும்பிப் பார்த்தேன். அவள் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. சாவியைப் பிடித்திருந்த கை மடியில் அப்படியே மல்லாந்து கிடந்தது.

கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவினார். பஸ்ஸைத் தட்டினார். இன்னொரு தடவை கூவினார். என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. நான் அசையவில்லை. தோள் கொஞ்சம் அசைந்தாலும் அவள் தலை சரிந்துவிடும். பஸ் பின்னால் வந்து, திரும்பி, வாசலைத் தாண்டிப் போயிற்று. அந்தப் புகை எங்கள் மேல் அடித்தது. அவளுக்கு அதுவும் தெரியவில்லை.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. இன்னொரு கையால் மெதுவாக எடுத்தேன்.

"அப்பா, பஸ் ஏறிட்டீங்களா?"

"இல்லம்மா" என்றேன் சன்னமாக. "விட்டுட்டேன். அம்மா என் தோள்ல தூங்குறா."

மகளுக்கு மறுநாள் காலையில் ஷிப்டு. நான் போய்ச் சேரும் நேரம் ஏற்கெனவே இழுபறி. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எழுப்பாதீங்கப்பா" என்றாள். "அடுத்த பஸ்ல வாங்க. நான் பாத்துக்கறேன்."

அவளுக்குப் பின்னால் பிள்ளை வீறிட்டு அழத் தொடங்கியது. என் மனைவியின் புருவம் தூக்கத்திலேயே சுருங்கியது. நான் போனை அவள் தலை இல்லாத பக்கத்துக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.